அச்சுக்கு அச்சு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குள் போய் நின்றால் பொம்மைகளைவிட அச்சுகள்தான் அதிகம் கண்ணில் படும். சுவரோரத் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கட்டிகள் அடுக்கியிருக்கும். இரண்டு பாதிகளும் விலகாமல் இருக்க ரப்பர் பட்டையால் இறுக்கியிருப்பார்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெண்களிமண் நெய்வேலிப் பக்கம் கிடைப்பதும், அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகம் இங்கேயே இருப்பதும் இந்த ஊரைப் பீங்கான் ஊராக்கின. அகல் விளக்கு, தேநீர்க் கோப்பை, மின்பெட்டியில் செருகும் ஃப்யூஸ் கேரியர், கொலு பொம்மை எல்லாம் இங்கிருந்து போகின்றன.

பொம்மை வார்க்கும் முறை எளிது. களிமண்ணைத் தண்ணீரில் பாலேடு பதத்துக்குக் கரைத்து அச்சின் வாய்வழியே ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் உள்சுவரில் களிமண் தோலாகப் படியும். தோல் சில மில்லிமீட்டர் தடித்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டியதுதான். இறுகிய பிறகு அச்சைப் பிரித்தால் உள்ளீடற்ற ஒரு யானை கிடைக்கும். ஆனால் ஒரு யானை இறுகும்வரை அந்த அச்சு வேறு வேலைக்கு ஆகாது. ஈரம் குடித்த பிளாஸ்டரும் காய வேண்டும். ஏறக்குறைய நூறு தடவை வார்த்தபின் அச்சின் உள்பரப்பு தேய்ந்து, யானையின் கண்ணும் காது மடிப்பும் மழுங்கத் தொடங்கும். ஆகவே யானை ஒன்றானாலும் அதற்கு முப்பது அச்சு வேண்டும். அந்த முப்பதும் தேயத் தேயப் புதுசு வேண்டும்.

ஒரே யானைக்கு முப்பது அச்சு எப்படிச் செய்கிறார்கள்? முப்பது முறை உட்கார்ந்து செதுக்கினால் ஒன்று போல் மற்றொன்று வராது. முதல் அச்சைக் கவனமாகச் செய்துவிட்டு, அந்த அச்சையே மாதிரியாக வைத்து இன்னொரு அச்சு எடுப்பார்கள். அதற்குள் பிளாஸ்டரை ஊற்றினால் யானை வராது, யானை அச்சு வரும். அச்சை வார்க்கும் அந்த அச்சை இக்கட்டுரையில் தாய் அச்சு என்று சொல்லப்போகிறேன். கணினி நிரல் எழுதுபவர்கள் பல ஆண்டுகள் தாய் அச்சு இல்லாமலே அச்சு செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் விலை என்ன, அதிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் படித்தவர்களுக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் நினைவிருக்கும். அதில் இனக்குழு என்பது அச்சு. பொருள் என்பது அதிலிருந்து வார்த்தெடுத்தது. ஒரு பட்டறையின் சரக்கிருப்புக் கணக்குக்கு நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். சரக்கு என்று ஓர் இனக்குழு. அதில் பெயர், அச்சு எண், உயரம், எடை, விலை, பெட்டிக்கு எத்தனை என்று ஆறு புலங்கள். சின்ன யானை, பெரிய யானை, ஐந்து முக விளக்கு எல்லாம் இந்த ஓர் அச்சில் விழும் பொருள்கள். அச்சு இருக்கிறது, ஆயிரம் பொருள்களைச் சிரமமில்லாமல் வார்க்கலாம். அப்படியானால் நிரலாளர்கள் ஏன் ஒரே மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதுகிறோம் என்று புலம்பினார்கள்?

அவர்களுக்குப் பொருள்களை வார்ப்பதில் சலிப்பு இல்லை, அச்சுகளைச் செய்வதில்தான். சரக்கு, வாடிக்கையாளர், ஆர்டர், லாரி, சூளைக் குறிப்பு என்று ஒரு நடுத்தர நிரலிலேயே ஐம்பது இனக்குழுக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தன்மையான சங்கதி ஐந்தாறு வரிதான். மிச்சமெல்லாம் அச்சுக்கு வாய் வைப்பது, இரு பாதிகள் நழுவாமல் பூட்டுக் குழி வைப்பது போன்ற வேலை. எல்லா அச்சிலும் அதே வேலை.

ஜாவா மொழியில், 1995-இல் அது வெளிவந்த காலத்திலிருந்து, இந்த வேலை இப்படி இருந்தது. புலங்களை வெளியார் நேரடியாகத் தொடக்கூடாது. எனவே ஒவ்வொரு புலத்துக்கும் மதிப்பை எடுத்துத் தர ஒரு செயற்கூறு, மதிப்பை வைக்க ஒரு செயற்கூறு. பாடநூலில் உள்ள ஆக்கி, அழிப்பி என்ற சொற்களின் ஜாடையில் இவற்றை எடுப்பி, வைப்பி என்று சொல்லலாம். ஆறு புலத்துக்குப் பன்னிரண்டு செயற்கூறு, ஒன்றுக்கு மூன்று வரி, ஆக முப்பத்தாறு. பொருளைப் பிறப்பிக்கும் ஆக்கி தனி. இரண்டு பொருள்கள் ஒன்றுதானா என்று சொல்லும் ஒப்பீட்டுச் செயற்கூறு தனி. பொருளை எந்த அறையில் போடுவது என்று எண் கணக்கிட்டுத் தருவது ஒன்று. பொருளைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது ஒன்று. இடைவெளி வரிகளையும் சேர்த்தால் ஆறு புலமுள்ள இனக்குழுவுக்கு எண்பது வரியை நெருங்கும். அதில் எழுதியவர் யோசித்தது ஆறே வரி.

அறை எண் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பெரிய கிடங்கில் சரக்கை வந்த வரிசையில் அடுக்கினால் தேடுவதற்குள் பொழுது போய்விடும். அதனால் ஒரு விதி: சரக்கின் விவரங்களிலிருந்தே ஓர் எண் கணக்கிடு, அந்த எண்ணுள்ள அறையில் போடு. தேடும்போதும் அதே கணக்கைப் போட்டால் நேராக அந்த அறைக்குப் போகலாம். இதில் ஒரு கட்டாயம் உண்டு. ஒன்றே என்று ஒப்பீடு சொல்லும் இரண்டு பொருளுக்கும் அறை எண் ஒன்றாகவே வர வேண்டும். ஒப்பீட்டை மாற்றிவிட்டு அறைக் கணக்கை மறந்தால், பொருள் கிடங்கில் இருக்கும். தேடினால் இல்லை என்று நிரல் சாதிக்கும். ஜாஷுவா பிளாக் 2001-இல் ஜாவா நிரலாளர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற கையேட்டில் இந்த இரண்டு செயற்கூறுகளுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கி எச்சரிக்க வேண்டியிருந்தது. எழுதவும் அலுப்பு, பிழைத்தால் ஆபத்து: இந்த இரண்டும் சேர்வதுதான் இந்த வரிகளின் கேடு.

ஆங்கிலத்தில் இந்த வரிகளுக்கு பாய்லர் பிளேட் என்று பெயர். பெயர் வந்த கதை நம் ஊருக்குப் பொருத்தமானது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்குச் செய்தி நிறுவனங்கள் கட்டுரைகளை எழுத்தாக அனுப்பாமல், உலோகத் தகடாக வார்த்தே அனுப்பின. பத்திரிகைக்காரர் அதை அப்படியே அச்சேற்றலாம், ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. கொதிகலனுக்கு அடிக்கும் இரும்புத் தகடு போல இருந்ததால் அந்தப் பெயர். தமிழில் நமக்குப் பழக்கமான ஒப்புமை கிரையப் பத்திரம். பெயர், தொகை, சர்வே எண், நான்கெல்லை மாறும். மற்றபடி பத்திர எழுத்தருக்கு ஒவ்வொரு வாசகமும் மனப்பாடம். நான் இவற்றை வாய்பாட்டு வரிகள் என்று சொல்கிறேன். சிந்தனை ஓடாமலே கை எழுதும் வரிகள்.

சிந்தனை ஓடாததுதான் சிக்கல். எனக்கு இது நேர்ந்தது. தெரிந்தவர் ஒருவரின் பட்டறைக்குச் சரக்கிருப்பு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து, பொம்மைகளை இரண்டு நிறத்தில் கிளேஸ் போடத் தொடங்கினார்கள். நிறம் என்று ஏழாவது புலம் சேர்க்க வேண்டும். ஒரு புலம் கூடினால் ஏழு இடத்தில் கை வைக்க வேண்டும்: புலத்தின் அறிவிப்பு, ஆக்கி, எடுப்பி, வைப்பி, ஒப்பீடு, அறை எண், எழுத்துக் காட்சி. நான் ஐந்தைச் செய்தேன். ஒப்பீட்டையும் அறை எண்ணையும் விட்டுவிட்டேன். நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. நீல யானையும் வெள்ளை யானையும் அதற்கு ஒரே யானை. இரண்டின் எண்ணிக்கையையும் ஒரே கணக்கில் கூட்டி, கையில் இல்லாத நீல யானைகளை இருப்பதாகக் காட்டியது. ஒரு கொலு சீசனில், வாங்க வந்தவர் கடையில் நிற்கும்போதுதான் அது தெரிந்தது.

இது என் ஒருவனின் கவனக்குறைவா, எல்லோருக்கும் நேர்வதா? அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2004-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஷென்மின் லீயும் யுவான்யுவான் சோவும் அவர்கள் குழுவினரும் சி.பி.-மைனர் என்றொரு கருவி செய்தார்கள். அது நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் எண்ணாக மாற்றும். மாற்றும்போது பெயர்களைக் கண்டுகொள்ளாது. வரியின் அமைப்பை மட்டும் பார்க்கும். பிறகு எங்கெல்லாம் அதே எண் வரிசை திரும்பத் தோன்றுகிறதோ, அங்கெல்லாம் யாரோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பிடித்துவிடும். அடுத்த படி இன்னும் நுட்பமானது. ஒட்டிய பகுதியில் பழைய பெயர் எல்லாம் புதுப் பெயராக மாறியிருக்க வேண்டும். நான்கு இடத்தில் மாறி ஐந்தாம் இடத்தில் மட்டும் பழைய பெயரே இருந்தால்? மறந்துபோன அடையாளம் அது. லினக்ஸ் இயங்குதளத்தின் அன்றைய பதிப்பில் இப்படி 28 பிழைகளும், ஃப்ரீ-பி.எஸ்.டி. இயங்குதளத்தில் 23 பிழைகளும் சிக்கின. உலகின் தேர்ந்த நிரலாளர்கள் எழுதி, பலர் சரிபார்த்த நிரல்கள் அவை.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2009-இல் வேறு வழியில் போனார்கள். நகல்களுக்குள் வேறுபாடு இருக்கும் இடங்களைத் தேடி எடுத்து, அந்த நிரலைப் பராமரிப்பவர்களிடமே காட்டி, வேண்டுமென்றே மாற்றினீர்களா, தெரியாமல் நேர்ந்ததா என்று கேட்டார்கள். தெரியாமல் நேர்ந்த வேறுபாடுகளில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று உண்மையான பிழையாக இருந்தது. கருவி மட்டும் சொன்னால் சந்தேகப்படலாம். எழுதியவரே ஒப்புக்கொள்ளும்போது அந்த முடிவுக்குத் தனி எடை வருகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மூன்றாவது ஆய்வு. அடுத்தடுத்து நான்கைந்து ஒரே மாதிரி வரிகளை எழுதும்போது பிழை எந்த வரியில் விழும்? முதல் வரியில், கை பழகாததால்? நடுவில், அலுப்பில்? ஆந்த்ரேய் கார்ப்போவ் என்ற ரஷ்ய நிரலாளர், தன் கருவி பிடித்த பிழைகளைப் புரட்டிப் பார்த்து, கடைசி வரியில்தான் அதிகம் என்று 2014-இல் எழுதினார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து மோரிட்ஸ் பெல்லரும் ஆண்டி சைட்மனும் அவரோடு சேர்ந்து 208 திறந்தமூல நிரல்களை ஆராய்ந்து, பிழையுள்ள 202 துண்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். கடைசி வரியேதான். வேலை முடிந்தது என்று மனம் எழுந்து போய்விட, கை மட்டும் எழுதிக்கொண்டிருக்கும் இடம் அது. என் ஏழு இடங்களில் விட்டுப்போன இரண்டும் கோப்பின் அடிப்பகுதியில்தான் இருந்தன.

ஆக, கவனமாக இரு என்ற அறிவுரையால் தீராத நோய் இது. எழுதாமல் இருப்பதுதான் மருந்து. எழுத வேண்டியதை இன்னொரு நிரல் எழுத வேண்டும். அதுதான் தாய் அச்சு; நிரல்வார்ப்பி என்று பெயர் வைக்கலாம். புலங்களின் பட்டியலை மட்டும் மனிதர் தருகிறார். எடுப்பி, வைப்பி, ஒப்பீடு, அறை எண் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலிலிருந்து வார்ப்பி செய்து தருகிறது. எட்டாவது புலம் சேர்ந்தால் பட்டியலில் ஒரு சொல் கூடும், வேறெங்கும் கை வைக்க வேண்டாம். இந்த யோசனை புதியதும் அல்ல. 1970-களிலேயே பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால் அந்த மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரலையே எழுதித் தரும் யாக் என்ற கருவியைச் செய்திருந்தார்.

ஆனால் வார்ப்பதை எப்போது செய்வது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நிரல் எழுதும் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் இந்த எண்பது வரிகளையும் அது கொட்டிவிடும். இந்த வசதி நெடுங்காலமாக உண்டு. இதை நான் தாய் அச்சாக மதிப்பதில்லை. கொட்டிய பிறகு அந்த வரிகள் நம்முடையவை. அடுத்த வருடம் ஒரு புலம் சேர்த்தால் அவை தாமாக மாறா. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதித் தருகிறது. அதையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். வேகமான ஒரு கை கிடைத்திருக்கிறது, செதுக்கிய முப்பது அச்சும் தட்டில் அப்படியேதான் இருக்கின்றன. படிக்கவும் பராமரிக்கவும் வேண்டும்.

உண்மையான மாற்றம், மனிதர் எழுதியதை இயந்திரம் புரியும் வடிவுக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பியின் வேலை நேரத்திலேயே வார்ப்பதில் வந்தது. ரெய்னியர் ஸ்விட்சர்லூட், ரோல் ஸ்பில்கர் என்ற இரு டச்சு நிரலாளர்கள் 2009-இல் லாம்பாக் என்ற கருவியை வெளியிட்டார்கள். இனக்குழுவின் தலையில் ஒரு குறி இட்டால் போதும். வாய்பாட்டு வரிகள் கோப்பில் இல்லவே இல்லை. நிரல்பெயர்ப்பி படிக்கும்போது அதன் உள்ளே முளைத்து, முடிவில் வரும் இயந்திர நிரலில் மட்டும் இருக்கும். பெயரிலும் ஒரு பொருத்தம் உண்டு: ஜாவா என்பது நம் முன்னோர் சாவகம் என்று சொன்ன தீவு. லாம்பாக் அதற்குக் கிழக்கே, பாலித் தீவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிறு தீவு.

லாம்பாக் செய்த வேலையில் ஒரு முறைமீறல் உண்டு. 2006-இன் ஜாவா 6-ஆம் பதிப்பு, குறிகளைப் படித்து நிரல் ஆக்கும் கருவிகளுக்கு முறையான வாசல் ஒன்றைத் திறந்தது. ஆனால் அந்த வாசல் வழியே போனால் புதுக் கோப்புகளை உண்டாக்கலாமே தவிர, இருக்கும் இனக்குழுவுக்குள் எதையும் நுழைக்க முடியாது. லாம்பாக் அந்த வாசலில் நுழைந்து, நிரல்பெயர்ப்பியின் உள் உறுப்புகளையே தொட்டு மாற்றியது. அதனால் ஜாவாவின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் லாம்பாக்கும் மாற வேண்டியிருந்தது. இதைக் குறை சொன்னவர்கள் உண்டு, அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனாலும் இத்தனை பேர் ஒரு முறைமீறலை ஏற்றுக்கொண்டார்கள் என்றால் தேவை எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்! பின்னர் மொழிகளுக்குள்ளேயே இந்த வசதி வந்தது. 2016-இல் முதல் பதிப்பு கண்ட காட்லின் மொழி தரவு இனக்குழுவோடு வந்தது. நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பைத்தான், 2018-இல் 3.7 பதிப்பில் அதே வசதியைச் சேர்த்தது. ஜாவாவே 2021-இல் 16-ஆம் பதிப்பில் ரெக்கார்ட் என்ற வடிவை நிரந்தரமாக்கியது. இதில் ஒருமுறை வைத்த மதிப்பை மாற்ற முடியாது என்பதால் வைப்பியே கிடையாது. என் எண்பது வரி இனக்குழு இன்று ஒரே வரி.

தாய் அச்சுக்கும் குறை உண்டு. அதில் ஒரு கீறல் விழுந்தால் அதிலிருந்து பிறக்கும் முப்பது அச்சிலும், அவற்றிலிருந்து பிறக்கும் மூவாயிரம் யானையிலும் அந்தக் கீறல் இருக்கும். பட்டறையில் யானையின் மேல் தெரியும் அச்சு இணைப்புக் கோட்டை ஈரத்தோடு கத்தியால் சீவி, பஞ்சால் துடைப்பார்கள். வார்த்துக் கிடைத்த நிரல் கோப்பிலும் இப்படிக் கைத்திருத்தம் செய்யும் ஆசை வரும். மறுநாள் வார்ப்பி மறுபடி ஓடினால் திருத்தம் காற்றில் போய்விடும். சி-ஷார்ப் மொழி 2005-இல் ஓர் இனக்குழுவை இரண்டு கோப்பாகப் பிரித்து எழுத வழி செய்தது; வார்த்தது ஒரு கோப்பிலும் கையால் எழுதியது மற்றொன்றிலும் இருக்கலாம்.

இன்னொரு வகைப் பழுது வார்ப்பியின் கண்மூடித்தனத்தால் வருவது. ஆர்டர் என்ற பொருளில் வாடிக்கையாளர் ஒரு புலம். வாடிக்கையாளர் என்ற பொருளில் ஆர்டர்கள் ஒரு புலம். எழுத்துக் காட்சியை வார்ப்பி எல்லாப் புலங்களையும் வைத்துச் செய்யும். ஆர்டரைக் காட்டு என்றால் அது வாடிக்கையாளரைக் கேட்கும், அவர் தன் ஆர்டரைக் கேட்பார், அது மறுபடி அவரைக் கேட்கும். நினைவகம் தீர்ந்து நிரல் விழும்வரை இது நிற்காது. கையால் எழுதுபவர் இந்தச் சுழலைப் பெரும்பாலும் கவனித்திருப்பார். வார்ப்பிக்கு எல்லாப் புலமும் சமம்.

அது எனக்கு உறைத்தது பட்டறையில்தான். நிறப் பிழைக்குப் பிறகு என் இனக்குழுவை ரெக்கார்டாக மாற்றி, தரம் என்ற எட்டாவது புலத்தையும் சேர்த்து எடுத்துப் போயிருந்தேன். முதல் தரம், செகண்ட்ஸ் என்று இரண்டு மதிப்பு. இனி ஒப்பீட்டில் எதுவும் விடுபடாது என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, தீபாவளிக்கு வெலைய ஏத்துனோம்னா பழைய யானையும் புது யானையும் வேறன்னு சொல்லுமா?"

சொல்லும். விலையும் ஒரு புலம்தானே.

"அது வேணாம் தம்பி. யானை அதேதான். சூளைல லேசா கறை புடிச்சது இருக்கு பாரு, செகண்ட்ஸு, அது மட்டும் தனியா நிக்கணும். இல்லன்னா நல்ல சரக்குன்னு எண்ணி அனுப்பிருவோம்."

"சரிண்ணே, விலைய எடுத்துடறேன், தரத்த வச்சுக்கறேன்."

"இரு இரு. எந்த அச்சு எத்தன ஊத்திருச்சுன்னு எண்றதுக்கு மட்டும் ரெண்டையும் சேத்துரு. நல்லதா வந்தாலும் கறையா வந்தாலும் அச்சு தேயறது தேயறதுதான்."

எட்டுப் புலங்களில் எவை சேர்ந்தால் இரண்டு யானை ஒரே சரக்கு என்பதற்கு, பட்டறையில் இரண்டு பதில் இருந்தது. அச்சுக் கணக்கை அச்சு எண்ணைக் கொண்டு தனியாகக் கூட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தேன். மற்றதையெல்லாம் வார்ப்பிக்கே விட்டுவிட்டு, ஒப்பீட்டையும் அறை எண்ணையும் மட்டும் அன்று மாலை கையால் எழுதினேன். பெயர், அச்சு எண், நிறம், தரம் நான்கையும் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.